பழுக்கவிட்ட பாகற்காய்

எனக்கு அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், கூட்டம் நடந்த அன்று நான் அங்கே இல்லை என்பதுதான். வராதவர் தலையில் கட்டிவிடுவது பினாங்கில் எங்கள் கெலுகோர் அடுக்குமாடியின் வழக்கம். எண்பதுகளின் தொடக்கம் அது. எதிரெதிராக இரண்டு கட்டடங்கள். நடுவில் உடைந்த நாற்காலியும் பழைய மெத்தையும் கொட்டிக் கிடந்த ஒரு வெற்று நிலம். அதைச் சுத்தம் செய்து, ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் காய்கறி போடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. ஆள் சேர்க்கவும், எந்தப் பருவத்தில் எதை நடுவது என்று திட்டம் போடவும் ஒருவர் வேண்டும். "ரெண்டாவது மாடியில ஆபீஸ் வேலைக்குப் போறாங்களே, அவங்க நல்லா எழுதுவாங்கலா" என்று, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வைக் கடைசியில் ஒட்டி, யாரோ சொன்னார்களாம். மறுநாள் மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கீழே நின்ற பெண்கள் என்னைத் 'தோட்டத்துத் தலைவி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் தோட்டத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புரியாமைதான்.

"உமக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டார் என் கணவர். "வீட்டிலை ஒரு ரோசாக் கண்டைக்கூட நீர் உயிரோடை வைச்சிருந்ததில்லை."

அவர் சொன்னது உண்மை; எந்தக் கன்றும் என் கையில் பிழைத்ததில்லை. எங்கள் இருவர் வீட்டாரும் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்து வேலைக்கென்று கப்பலேறி வந்தவர்கள். பேனா பிடிக்கத் தெரியும். மண்வெட்டி எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆனால் எனக்கு ஒரு குணம் உண்டு. முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால், கோபம் மூக்குக்கு மேல் ஏறி, அந்த வேலையை எடுத்துக்கொண்டு விடுவேன். அன்று இரவே ஒரு பெரிய அட்டையில் கோடு போட ஆரம்பித்தேன். எந்த மாதம் என்ன விதை, எந்த ஞாயிறு யார் களை பிடுங்குவது, யார் தண்ணீர் ஊற்றுவது என்று நிறம் நிறமாக எழுதி, கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பார்க்க மிக அழகாக இருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்த அட்டை எனக்கு நன்றாகவே காட்டிக் கொடுத்தது. தமிழ்ப் பெண்கள் ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்றார்கள். சரி என்று ஆடியில் விதைத்தோம். வெயில் காய்ந்து தள்ளியது. பினாங்கில் மழை சரியாகப் பிடிக்கப் புரட்டாசி ஆகிவிடும் என்பதை யாரும் ஆடிக்குச் சொல்லவில்லை போலும். சீனக் குடும்பங்கள் தங்கள் புத்தாண்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கடுகுக் கீரை போட்டன. எதிர்க் கட்டடத்தின் கீழ்வீட்டு மலாய் அம்மா நோன்பு மாதத்துக்கு வெள்ளரிக்காய் வேண்டும் என்று அதற்கேற்றபடி விதைத்தார். அந்த நோன்பு மாதமோ ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டே போனது. மூன்று காலண்டர்களையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நான் விழித்த விழியைப் பார்த்து என் கணவர் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆட்கள் விஷயமும் அப்படித்தான். பெயர் எழுதிய ஞாயிற்றுக்கிழமையில் பெயருக்குரியவர் வரமாட்டார். பெயர் எழுதாதவர்கள் கூட்டமாக வருவார்கள். அன்று மலாய் அம்மா வறுத்த மீ நூடுல்ஸ் கொண்டுவருகிறார் என்று எப்படித்தான் தெரியுமோ தெரியாது. புரட்டாசி மாதத்துக்குச் சைவம் என்றால், முதல் நாளே "வேற ஒன்னும் இல்லையா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். நான் திட்டுவேன். சிரிப்பார்கள். மறுவாரம் அழைக்காமலே வந்து, நான் சொன்ன பாத்தியை விட்டுவிட்டு வேறொரு பாத்தியைச் சுத்தமாகக் களையெடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒழுங்காக வந்தவர் ஒருவர்தான். எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுச் சீனக் கிழவர். அப்பெக் என்று எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம்; வயதான சீனரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது. வெள்ளை பனியனும் நீலக் கால்சட்டையுமாகக் காலையிலேயே வந்து, தன் பாத்தியைக் கொத்திவிட்டு, பக்கத்துப் பாத்திக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர் பேசும் ஹொக்கியன் சீனம் தெரியாது. சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான் எங்களுக்கு நடுவே பாலம். முந்தைய ஆண்டு அவர் மனைவி இறந்திருந்தார். மகள் கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் இருந்தாள். வீட்டைச் சுற்றி நிலம் உண்டு, வந்துவிடுங்கள் என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மழை பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு நாள், அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என்னிடம் திறந்து காட்டினார். உள்ளே சீனச் செய்தித்தாளில் மடித்த பாகல் விதைகள். மனைவி ஆண்டுதோறும் காயைப் பழுக்கவிட்டு, விதை எடுத்துக் காயவைத்து மடித்தது. இனி மடிக்க ஆள் இல்லை. விதையும் பழசாகிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் இப்போது முளைக்கப் போட்டுவிடுகிறேன், முளைத்ததில் ஒன்று எனக்கு, மற்றது வேண்டியவர்களுக்கு என்றார். தன் கொடியில் ஒரு காய் பழுத்ததும் அந்த விதையை எடுத்துக்கொண்டுதான் மகள் வீட்டுக்குப் போவாராம். "பினி புன்யா," என்றார். மனைவியுடையது.

பால் டின்களில் அவர் போட்ட விதைகளில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. முளைத்தவை மட்டும் நன்றாக வந்தன. இரண்டாம் இலை விரிந்து, கொடி நுனி காற்றில் எதையோ தேடத் தொடங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கொடுப்பது என்று தீர்மானித்தோம். அவருக்கென்று வைத்த கன்றின் டின்னில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். நான் குழாயடியில் மேசை போட்டு, டின்களை வரிசையாக அடுக்கி, தலைவிக்குரிய மிடுக்கோடு நின்றேன்.

வந்தார்கள். எங்கள் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். இலையைத் தடவினார்கள். "பாகுஸ் அப்பெக், பாகுஸ்!" என்று மனதாரப் பாராட்டினார்கள். ஆனால் ஒருத்தியும் கையில் எடுக்கவில்லை. ஒருத்தி அடுப்பில் சோறு இருக்கிறது என்றாள். இன்னொருத்தி ஆஸ்பத்திரிக்குப் போய் யாரையோ பார்க்க வேண்டுமாம். நான் ஒரு டின்னைத் தூக்கி நீட்டியபோது, மூன்றாவது மாடி அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் அக்கா அவர். தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

"வேணாம் தங்கச்சி. அங்கேயே வைங்க. பாத்துக்கலாம்லா."

"என்னத்தப் பாக்கப் போறீங்க? சும்மாதானே கொடுக்குறாரு?"

"அதான் தங்கச்சி. சும்மா கொடுக்குறாரே," என்றார் அக்கா, பெரிய இக்கட்டில் மாட்டிக்கொண்டவர் போல.

அப்பெக் என்னைப் பார்த்தார். இந்தியர்கள் பாகற்காய் சாப்பிடமாட்டார்களா என்று கேட்டார். சாப்பிடுவதாவது! பாகற்காய்ப் பொரியலுக்காகக் குடும்பத்தோடு சண்டை போடுகிறவர்கள் எங்கள் ஆட்கள். நான் டின்களுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். ஒரு கன்றுகூட இல்லை. பால் டின்கள் எல்லாம் கழுவி, குழாயடியில் கவிழ்த்து, அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சிவப்புக் கயிறு கட்டிய டின்னும் அந்த அடுக்கில் இருந்தது; கயிறு மட்டும் இல்லை.

டின்னைக் கழுவிவைத்துவிட்டுப் போகிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. அப்பெக் அந்த அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. டின்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனவர், அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வரவில்லை. தனக்கென்று அவர் நட்டு வைத்திருந்த மூங்கில் பந்தல் வெறுமனே நின்றது. கொடுத்தபோது வேண்டாம் என்றவர்கள் திருடிக்கொண்டு போனார்கள் என்றால், அது செடிக்காக இல்லை, என்னை வேண்டாம் என்பதற்காக என்று மகளிடம் டெலிபோனில் சொன்னாராம். அவர் வீட்டு டெலிபோனைக் கடன் வாங்கப் போன, ஹொக்கியன் புரிகிற மலாய் அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. கூட்டம் போட்டேன். எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் வருத்தப்பட்டார்கள். "யாருலா இந்த அநியாயத்த செஞ்சது! அந்த மனுசன் பாவம்லா!" என்று மூன்றாவது மாடி அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டார். அந்தக் குரலில் பொய் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். ஆடு மேய்கிறதோ என்றுகூட யோசித்தேன். ஆடு டின் கழுவாது என்று என் கணவர் நினைவுபடுத்தினார்.

மழை தினமும் மலைப்பக்கமிருந்து இறங்கி வந்தது. தோட்டம் தளதளவென்று நின்றது. தீபாவளியும் வந்து போனது. அப்புறம் பாகற்கொடிகளில் காய் பிடித்தது.

அதைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பாகற்காய் கரும்பச்சை. முள்முள்ளாய், மெலிந்து இருக்கும். அப்பெக் வீட்டுப் பாகற்காய் வேறு இனம்: வெளுத்த பச்சை, உருண்டு திரண்ட உடம்பு, முள்ளுக்குப் பதில் வழவழப்பான வரிகள். அந்த வெளுத்த காய்கள் இப்போது தமிழ்ப் பெண்களின் பந்தல்களில் வரிசையாகத் தொங்கின. ஒன்றிரண்டு பந்தலில் இல்லை; ஏறக்குறைய எல்லாவற்றிலும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் மறைக்கக்கூட இல்லை. மூன்றாவது மாடி அக்காவின் பந்தலில் இலைகளை விலக்கிப் பார்த்தேன். தண்டின் அடியில், கொடியை மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருந்தது அந்தச் சிவப்புக் கயிறு.

அக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "இது யாரு பாவக்கா?" என்று கேட்டேன்.

"என் பந்தல்லதானே காய்க்குது தங்கச்சி."

"கயிறு?"

"கயிறு நல்ல கயிறுலா," என்றார் அக்கா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கயிறு கட்டியிருந்துச்சா, சரி, இருக்கிறதுலயே இதுதான் நல்ல கன்னு போலன்னு... விடுங்க தங்கச்சி. வாயால பேசுற விசயம் இல்ல இது."

அன்று மாலை என் புலம்பலைக் கேட்டுவிட்டு, மலாய் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இந்தியப் பொண்ணுதானே? உனக்கே தெரியாதா?" என்று மலாயில் கேட்டார். அவர் வீட்டு வாசல் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி முளைக்கிற கன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை அவரே பிடுங்கிக் கொடுத்தாராம், ஒருத்தியும் வாங்கவில்லையாம். கொடுப்பதை நிறுத்தியதும் கன்றுகள் தாமாகவே காணாமல் போயினவாம். திருடி நட்டால்தான் செடி பிழைக்கும், கையால் வாங்கி நட்டால் பட்டுப்போகும், எடுத்ததை வாய்விட்டுச் சொன்னாலும் பட்டுப்போகும். உங்கள் ஆட்களின் பழக்கம் இது என்று, எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு அவர் எடுத்துச் சொன்னார். அவர்கள் எடுக்கட்டும் என்று சாயங்காலமாக வீட்டுக்குள் போய், சன்னலைச் சாத்திக்கொண்டு, யாரும் எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாராம்.

தமிழ்ப் பெண்களின் நடுவே பிறந்து வளர்ந்தும் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. ஆபீஸ் வேலைக்காரர் வீட்டில் செடி வைக்காவிட்டால் செடிப் பழக்கம் மட்டும் எங்கிருந்து வரும்? இப்போதுதான் அந்தக் கழுவிய டின்கள் புரிந்தன. டின்னை எடுத்தால் அது திருட்டு. கன்றை எடுத்தால் அது மரியாதை. ஒவ்வொருத்தியும் ஒன்றுதான் எடுத்திருப்பாள்; அவருக்கு மிச்சம் இருக்கும் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்திருப்பாள்.

புரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பெக் வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் விளக்கினேன். உங்கள் மேல் வெறுப்பில்லை, உங்கள் செடி பிழைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எடுத்தார்கள் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கடைசியில், பரவாயில்லை, பழுத்த காய் ஒன்றைக் கொடுத்தால் போதும், விதையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். பள்ளி விடுமுறைக்கு மருமகன் லாரி கொண்டுவருகிறாராம்.

இதைவிட எளிதான வேலை உண்டா? அக்காவிடம் போனேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"கையில கொடுக்கிறதா? என்ன தங்கச்சி பேசுறீங்க? கொடுத்தா அந்த வெதை மொளைக்காதுலா!"

"உங்க நம்பிக்கைய உங்களோட வச்சிக்குங்க அக்கா. அவருக்கு ஒரு காய்தானே?"

"செத்துப்போன பொம்பள காயவச்ச வெதை. அதான் கடைசி. நான் கையால கொடுத்து, அது அங்க போயி மொளைக்காமப் போச்சின்னா, அந்தப் பாவம் யாருக்கு?" அக்காவின் குரல் உடைந்தது. "எடுத்துக்கச் சொல்லுங்க தங்கச்சி. நாங்க யாரும் பாக்க மாட்டோம். வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

திரும்பவும் கீழே இறங்கினேன். பந்தலுக்கு வந்து நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்பெக் தலையை ஆட்டி மறுத்தார். அடுத்தவர் பாத்தியில் கேளாமல் கை வைத்ததில்லை, இந்த வயதில் தொடங்கமாட்டேன், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். மேலே போனால், கொடுக்கமாட்டேன், எடுக்கட்டும். கீழே வந்தால், எடுக்கமாட்டேன், கொடுக்கட்டும். மாடிப்படியில் ஏறி இறங்கி என் முழங்கால் வலித்ததுதான் மிச்சம். இருவர் மீதும் தப்பு இல்லை என்று தெரிந்தும், இருவர் மீதும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நானே ஒரு காயைப் பறித்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் அது யார் கொடுத்ததாகும், யார் திருடியதாகும் என்று எண்ணிப் பார்த்ததில் தலை சுற்றியது. ஒருவேளை விதை முளைக்காமல் போனால்? நம்பாத எனக்கே பயமாக இருந்தது.

பிறகு இன்னொரு கூத்து. பெண்கள் கறிக்கென்று பறித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு காயை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். பழ ஈ கொட்டாமல், மைனா கொத்தாமல் இருக்க அதற்குச் செய்தித்தாள் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பாகற்காயைப் பழுக்கவிடுவது எங்கள் பெண்கள் யாரும் செய்யாத காரியம். ஒரு களையெடுப்பு ஞாயிற்றுக்கிழமை, என் பொறுமை போய்விட்டது.

"சமைக்கவும் மாட்டீங்க, அந்த மனுசனுக்குக் கொடுக்கவும் மாட்டீங்க. அழுகப் போற காய்க்குப் பொட்டலம் வேறயா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

எல்லோரும் குனிந்து களை பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் போல ஏதோ இருந்தது. வீட்டுக்கு வந்து, என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று என் கணவரிடம் கேட்டேன். "நீர் கத்தினால் நானும் அப்பிடித்தான் பார்க்கிறனான்," என்றார் அவர்.

லாரி வந்த நாள் காலையில் மழை விட்டிருந்தது. சாமான்கள் அதிகமில்லை. கட்டில், சாமி மாடம், ஒரு தையல் மெஷின். அப்பெக் புதுச் சட்டை போட்டிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு, வழியனுப்பக் கீழே வந்து தோட்டத்துக் குழாயடியில் நின்றேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்த மூன்றாவது மாடி அக்கா, சீருடையைக்கூட மாற்றாமல், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பந்தல்களில் செய்தித்தாள் சுற்றுகளை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பழங்கள் நுனி வெடித்துத் தொங்கின. உள்ளே விதைகள் இரத்தச் சிவப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அக்காவின் பந்தல் பழத்தின் காம்பில் அந்தச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. தண்டின் அடியிலிருந்து அவிழ்த்து, பாதையில் நடப்பவர் கண்ணில் படுகிற உயரத்தில், தொங்கத் தொங்கக் கட்டியிருந்தார்.

அப்பெக் கடைசியாகத் தன் வெறும் பந்தலைப் பார்க்க வந்தார். மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார். திரும்பும்போது அந்தக் கயிறு அவர் கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து இரண்டு கட்டடங்களையும் பார்த்தார்.

நானும் பார்த்தேன். எல்லா மாடிகளிலும் பெண்கள் நின்றார்கள். துணி காயப்போடும் கழிகளைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அத்தனை பேரும் தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்க் கட்டடத்துக் கீழ்வீட்டில் மலாய் அம்மா சன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்தார்.

"திரும்புங்க தங்கச்சி."

நான் வாயைத் திறந்தேன்.

"திரும்புங்கலா. அவரு எடுக்கட்டும்."

குழாய்ச் சுவரைப் பார்த்தபடி நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மூங்கில் பந்தல் மெல்ல அசைகிற கிரீச்சென்ற ஒலி. அக்காவின் விரல்கள் என் தோளை அழுத்தின. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கயிறு கன்று டின்னில் அவர் தன் கையால் கட்டியது. அதனால் அவர் மனதுக்கு அது அவருடைய சொந்தக் காய். அடுத்தவர் பொருளைத் தொட்டதாகாது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை; அதனால் அக்காவின் மனதுக்கு அது முறையாகத் திருடப்பட்ட காய். இத்தனை நாளாக நான் மாடிப்படியில் ஏறி இறங்கித் தீர்க்க முடியாததை, ஒரு துண்டுக் கயிறு தீர்த்துவைத்தது. ஆளுக்கொரு பழம் விட்டுவைத்தது, எந்தப் பந்தலில் அவர் கை வைத்தாலும் விதை இருக்க வேண்டும் என்பதற்காக. அதற்காகத்தான் அத்தனை பேரும் நான் திட்டியதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

நாங்கள் திரும்பியபோது அவர் லாரிப் பக்கம் போய்விட்டிருந்தார். மருமகன் கை கொடுத்து முன் இருக்கையில் ஏற்றினார். அப்போது எல்லோரும் மாடிகளில் இந்தப் பக்கம் திரும்பி, கையசைத்து, "பாய் பாய் அப்பெக்!" என்று கத்தினார்கள். அவர் முகம் சின்னப் பையன் முகம் போலச் சிவந்திருந்தது. ஒரு கையை மட்டும் அசைத்தார். மறு கை புதுச் சட்டையின் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. விரல்களுக்கு இடையில், வெள்ளைத் துணியில், விதைகளின் சிவப்புச் சாறு பரவிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

லாரி முனை திரும்பி மறைந்ததும், அக்கா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். கைகளை உடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"இனி மொளைச்சிரும்," என்றார். பிறகு தூங்குவதற்கு மேலே போனார்.